திருப்பூர் ஜாப் ஒர்க் செயலி: கிளவுடில் எங்கிருந்து தொடங்குவது?

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க. நானும் கூடப் படித்த நண்பனும் சேர்ந்து பனியன் கம்பெனிகளுக்கு ஒரு செயலி செய்துகொண்டிருக்கிறோம். கட்டிங் முடிந்த பண்டல் கூலிக்குத் தைத்துத் தரும் எந்த ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போயிருக்கிறது, எத்தனை பீஸ் தைத்துத் திரும்பியது, செக்கிங்கில் எவ்வளவு ரிஜெக்ட், டெலிவரி சலான் போட்டாயிற்றா என்பதையெல்லாம் சூப்பர்வைசர் தன் போனிலேயே பதிந்துவிடலாம். பண்டலைப் படம் எடுத்தும் ஏற்றுவார்கள். தைப்பவர்களின் பீஸ் ரேட் கூலி இந்தப் பதிவுகளை வைத்துத்தான் சனிக்கிழமை கணக்காகும். ஒரு பதிவு தொலைந்தால் ஒருத்தருடைய கூலி தொலைகிறது.

தெரிந்த சில யூனிட்டுகளில் சோதனை ஓட்டம் நடக்கிறது. முதல் வருடத்தில் 200 சூப்பர்வைசர்கள் வரை வருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். இனி இதை கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்குக் கொண்டுபோகணும். இருவருக்கும் நிரல் எழுதத் தெரியும், ஆனால் கிளவுடில் எதையும் கட்டியதில்லை.

இணையத்தில் ஒரு பாடத்தொடரைப் பார்த்து நண்பன் வரைபடம் போட்டிருக்கிறான். ஆறு மைக்ரோசர்வீஸ் (தனித்தனியாக ஓடும் சிறு நிரல்கள்), அவற்றைப் பல இயந்திரங்களில் நடத்த குபெர்னெட்டிஸ் கிளஸ்டர், அவற்றுக்கிடையே செய்தி கடத்த காஃப்கா, தரவுத்தளம் மட்டும் மூன்று. புது நிறுவனங்களுக்குக் கைகொடுக்கும் ஓர் இன்குபேட்டர், அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் பில்லிலிருந்து கழித்துக்கொள்ளும் கிரெடிட் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. கிரெடிட் கையில் இருக்கும்போதே இந்தப் படத்தைக் கட்டிவிடலாம் என்பது அவன் வாதம். எனக்கு மனசு ஒப்பவில்லை, மறுத்துச் சொல்லவும் விவரம் போதவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்க.

மேகவாணி (சென்னை)

தம்பி, முதலில் வேலையின் அளவை எண்ணிப் பார்ப்போம். 200 பேர், ஆளுக்கு நாளைக்கு 50 பதிவு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 10,000. பத்து மணி நேர வேலைநாளில் பரப்பினால் 3.6 விநாடிக்கு ஒரு பதிவு. சனிக்கிழமை மாலை கூலி போடும் நேரத்தில் இருபது மடங்கு ஏறினாலும் விநாடிக்கு ஐந்தாறுதான். 2 ஜிபி நினைவகம் உள்ள ஒற்றை இயந்திரமும், ஒழுங்காக இன்டெக்ஸ் போட்ட ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் இதை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். இந்தக் கணக்கை உங்கள் நண்பரோடு உட்கார்ந்து ஒருமுறை போடுங்கள். வரைபடத்தில் பாதி தானாகக் கழன்றுவிடும்.

ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு குபெர்னெட்டிஸ் கிளஸ்டரை எழுப்பினாலே, அதற்குள் எதுவும் ஓடாவிட்டாலும், மணிக்கு 10 சென்ட். மாதம் 73 டாலர். காசைவிடப் பெரிய செலவு உங்கள் நேரம். ஆறு சர்வீஸ் என்றால் ஆறு லாக் (நடந்ததைக் குறிக்கும் பதிவேடு), ஆறு டிப்ளாய்மென்ட் (புதுப் பதிப்பை ஏற்றும் வேலை), ஒன்றோடொன்று பேசாமல் போக முப்பது விதம். இரண்டு பேர் இதைக் காவல் காத்துக்கொண்டிருந்தால் யூனிட்டுக்குப் போய் சூப்பர்வைசரிடம் என்ன குறை என்று கேட்பது யார்?

இன்ஸ்டாகிராமை நினைத்துப் பாருங்கள். 2010 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஒரே ஒரு சர்வரில்தான் அது வெளியானது. முதல் நாளிலேயே 25,000 பேர் சேர்ந்து சர்வர் திணறியதும் அமேசான் வாடகைக்குத் தரும் இயந்திரமான இசி2-வுக்கு மாறினார்கள். நிரலுக்கு ஜாங்கோ, தரவுக்கு போஸ்ட்கிரெஸ், படங்களுக்கு அமேசானின் கோப்புச் சேமிப்பான எஸ்3. எல்லோருக்கும் தெரிந்த கருவிகளே. 2012 ஏப்ரலில் ஃபேஸ்புக் அதை 100 கோடி டாலருக்கு வாங்கும்போது நிறுவனத்தில் இருந்தவர்கள் 13 பேர். சின்னக் குழு பெரிய கூட்டத்தைச் சமாளிக்க முடிந்ததற்குக் காரணம், பழகிய கருவிகளைக் குறைவாக வைத்துக்கொண்டதுதான்.

புதிதாக வருகிறவர்கள் கிளவுட் என்றாலே பத்து லட்சம் பேர் வந்தால் தாங்குமா என்று யோசிக்கிறார்கள். இரண்டு பேர் நடத்தும் நிறுவனத்துக்கு கிளவுட் தருகிற முதல் நன்மை வேறு. ராத்திரி பேக்கப் எடுப்பது, வட்டு கெட்டால் மாற்றுவது, தரவுத்தளத்துக்கு பேட்ச் (குறை நீக்கும் திருத்தம்) போடுவது ஆகிய மூன்றையும் கூலிக்கு ஆள் வைத்த மாதிரி ஒப்படைத்துவிடலாம். எனவே நான் சொல்வது இவ்வளவுதான்: செயலி ஓட ஒரு இசி2 இயந்திரம், தரவுக்கு அமேசானே பராமரிக்கும் ஆர்டிஎஸ் போஸ்ட்கிரெஸ், படங்களுக்கு எஸ்3. வேறெதுவும் வேண்டாம்.

ஒரு விதியை மட்டும் முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள். அந்த இசி2 இயந்திரம் இந்த நிமிடமே செத்தாலும் எதுவும் தொலையக் கூடாது. படம், லாகின் செஷன் (யார் உள்ளே நுழைந்திருக்கிறார் என்ற குறிப்பு), பிடிஎஃப் சலான், எதையும் அதன் வட்டில் வைக்காதீர்கள். படத்தை போனிலிருந்து நேராக எஸ்3-க்கே ஏற்றலாம். உங்கள் சர்வர் சில நிமிடங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும், அனுமதி முன்கூட்டியே பதித்த (ப்ரீசைன்டு) இணைப்பு ஒன்றைக் கொடுத்தால் போதும், படத்தின் பாரம் சர்வர் வழியாக வராது. இதைச் சரியாகச் செய்துவிட்டால், பிற்பாடு ஒன்றுக்கு மூன்று இயந்திரம் வைப்பது அரைநாள் வேலை.

தறிக்குழி (ஈரோடு)

அக்கா சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கே நான் சொல்லவருவதற்கும் பொருந்தும். 3.6 விநாடிக்கு ஒரு பதிவுக்கு ஏடபிள்யூஎஸ் எதற்கு? டிஜிட்டல்ஓஷன் என்ற இன்னொரு கிளவுட் நிறுவனத்துக்கு பெங்களூரில் தரவு மையம் இருக்கிறது. 2 ஜிபி இயந்திரம் மாதம் 12 டாலர். அதிலேயே போஸ்ட்கிரெஸ்ஸும் ஓடும். பில் ஒரே வரி, புரிந்துகொள்ள நிபுணர் வேண்டாம்.

பெரிய நிறுவனங்களே வெளியே வந்திருக்கின்றன. கோப்புகளைச் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் தன் சேமிப்பை அமேசானிலிருந்து சொந்தக் கட்டமைப்புக்கு மாற்றியதில் இரண்டே ஆண்டில் சுமார் 7.5 கோடி டாலர் மிச்சம் என்று 2018-இல் பங்குச் சந்தைக்கு வரும்போது சொன்னது. மென்பொருள் நிறுவனமான 37சிக்னல்ஸ் 2022-இல் மட்டும் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் கட்டிவிட்டு, போதும் என்று சொந்த சர்வர்களுக்குத் திரும்பியது. நம்ம சென்னையின் மென்பொருள் நிறுவனம் ஜோஹோ ஆரம்பம் முதலே தன் தரவு மையங்களில்தான் ஓடுகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சர்வரைத் தொட்டு நடத்தத் தெரியணும் என்பது என் ஆசை. எல்லாவற்றையும் பொத்தான் அழுத்தி வாங்கிக்கொண்டே போனால் அடியில் என்ன நடக்கிறதென்று ஒரு தலைமுறைக்கே தெரியாமல் போய்விடும்.

மேகவாணி (சென்னை)

கடைசியில் சொன்ன ஆசை எனக்கும் உண்டு. டிஜிட்டல்ஓஷனில் தொடங்குவதிலும் எனக்கு மறுப்பில்லை.

டிராப்பாக்ஸ் உதாரணத்தை மட்டும் முழுதாகப் பார்க்கணும். 2007-இல் தொடங்கிய நிறுவனம் கோப்புகளை எஸ்3-இல் வைத்துத்தான் வளர்ந்தது, 2015-ஐ ஒட்டித்தான் பெரும்பகுதியை வெளியே எடுத்தது. அதற்குள் அதன் அளவு என்ன, எந்த நேரத்தில் எவ்வளவு பாரம் வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஜோஹோவோ 1996-இல் தொடங்கிய நிறுவனம், அன்று வாடகைக்கு கிளவுடே கிடையாது. எஸ்3 வந்தது 2006 மார்ச்சில். நம் தம்பிக்கு அடுத்த மாதம் எத்தனை யூனிட் சேரும் என்பதே தெரியாது. தெரியாத காலத்தில் வாடகை நல்லது, தெரிந்த பிறகு சொந்தம் நல்லது. அதே சென்னையில் 2010-இல் தொடங்கிய மென்பொருள் நிறுவனம் ஃப்ரெஷ்டெஸ்க் அமேசானில்தான் வளர்ந்தது.

நான் விடாமல் சொல்வது ஒன்றுதான்: போஸ்ட்கிரெஸ்ஸை அதே 12 டாலர் இயந்திரத்தில் வைக்காதீர்கள். டிஜிட்டல்ஓஷனிலேயே நிர்வகிக்கப்பட்ட போஸ்ட்கிரெஸ் மாதம் 15 டாலர் அளவில் கிடைக்கும். கூலிக் கணக்கு இருக்கும் தரவுத்தளம். வட்டு நிரம்பியோ, பேக்கப் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் நின்றுபோயோ ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அது விழுந்தால் சனிக்கிழமை முந்நூறு குடும்பங்களுக்குப் பதில் சொல்லணும்.

தறிக்குழி (ஈரோடு)

தரவுத்தளத்தைப் பிரித்து வைப்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் என் கருத்து அப்படியே இருக்கிறது: பில் புரியாத இடத்தில் இளைஞர்கள் கடை போடக் கூடாது.

கார்முகில் (பெங்களூரு)

சர்வரே இல்லாத வழியை யாரும் சொல்லவில்லையே! திருப்பூர் யூனிட் ராத்திரி ஓடாது, ஞாயிறு லீவு. அந்த நேரம் முழுக்க இசி2 சும்மா எரியும். அழைக்கும்போது மட்டும் நிரலை ஓட்டும் அமேசானின் லாம்டாவில் எழுதினால் ஓடுகிற மில்லிசெகண்டுக்குத்தான் காசு. மாதம் 10 லட்சம் அழைப்பு எப்போதுமே இலவசம். அக்கா போட்ட கணக்குப்படி நாளைக்கு 10,000 பதிவு, மாதம் 3 லட்சம். படிக்கிற அழைப்புகளைச் சேர்த்தாலும் இலவச எல்லையை ஒட்டித்தான் வரும். இயந்திரத்துக்கு பேட்ச் போடும் வேலையும் இல்லை. கூகுளில் இதுபோன்ற கிளவுட் ரன் என்றால் மாதம் 20 லட்சம் அழைப்பு இலவசம், நிரலையும் அதற்கு வேண்டியதையும் ஒன்றாகக் கட்டிய கன்டெய்னராகக் கொடுத்தால் போதும், எந்த மொழியில் எழுதியிருந்தாலும் ஓடும்.

மேகவாணி (சென்னை)

ஒரு சிக்கலையும் சொல்லணும் கார்முகில். லாம்டா ஒரே நேரத்தில் ஐம்பது பிரதியாகப் பெருகினால் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு ஐம்பது தனித்தனி இணைப்பு திறக்கும். சின்ன ஆர்டிஎஸ் அதிலேயே மூச்சு முட்டும். நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் ஆர்டிஎஸ் ப்ராக்ஸி வைக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம். இல்லையென்றால் எஸ்கியூஎல் அல்லாத அமேசான் தரவுத்தளமான டைனமோடிபி-க்குப் போகணும். கூலி, ரிஜெக்ட், சலான் என்று குறுக்கும் நெடுக்கும் கூட்டிப் பார்க்கிற கணக்குக்கு போஸ்ட்கிரெஸ்ஸின் கேள்வி மொழியான எஸ்கியூஎல்தான் உகந்தது. அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததும் அதுதான்.

ஆனால் இந்தச் செயலியில் லாம்டாவுக்கு அருமையான ஓர் இடம் இருக்கிறது. பண்டல் படம் எஸ்3-இல் வந்து விழுந்ததும் அதைச் சின்னதாக்கி வைக்கும் வேலை. எப்போதாவது வரும், சில விநாடியில் முடியும், தோற்றால் திரும்ப ஓட்டலாம். அதை லாம்டாவிடம் கொடுங்கள். சின்னப் படத்தை எஸ்3-இல் வேறொரு பக்கெட்டில் (சேமிப்புப் பெட்டியில்) எழுதணும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அதே பக்கெட்டில் எழுதினால், அந்தச் சின்னப் படம் வந்ததையும் புதுப் படம் வந்ததாக எடுத்துக்கொண்டு தன்னைத்தானே திரும்பத் திரும்ப அழைக்கும் நிலை வரலாம். இப்போது அமேசானே இந்தச் சுழலைக் கண்டுபிடித்து நிறுத்தப் பார்க்கிறது. இருந்தாலும் அதை நம்பி வடிவமைக்க வேண்டாம்.

கார்முகில் (பெங்களூரு)

நல்ல பிரிவினை. தரவுத்தள இணைப்பு விஷயத்தில் மறுப்பில்லை. புதிதாகத் தொடங்கும் வேறு யாராவது இந்த இழையைப் படித்தால், ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க வேண்டிய உறவு அதிகம் இல்லாத தரவு என்றால் நான் சொன்ன வழியையும் யோசியுங்கள்.

கணக்கேடு (கோவை)

நான் நிறுவனங்களுக்கு கிளவுட் பில் பார்த்துக் கொடுப்பவன். வரைபடம் பற்றிப் பேசியாகிவிட்டது, பில் பற்றிப் பேசுவோம். இசி2 விலையை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள், கடிப்பது மற்றவைதான்.

பெரிய கடி வெளியே போகும் தரவு. உள்ளே வருவதற்குக் காசில்லை, எனவே படம் ஏற்றுவது இலவசம். பார்ப்பதற்குத்தான் காசு. உங்கள் செயலியையே எடுத்துக்கொள்வோம். பண்டல் பட்டியலைத் திறந்தால் 30 படம் வருகிறது, போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 3 எம்பி. ஒருமுறை திறக்க 90 எம்பி. 200 பேர் நாளைக்குப் பத்து முறை திறந்தால் 180 ஜிபி, மாதத்துக்கு 5,400 ஜிபி. மும்பையிலிருந்து வெளியே போகும் ஒரு ஜிபி ஏறக்குறைய 11 சென்ட். மாதம் 590 டாலரை ஒட்டி வந்து நிற்கும். சர்வருக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு!

இதே பட்டியலில் 40 கேபி சின்னப் படம் காட்டினால் ஒருமுறை திறக்க 1.2 எம்பி. மாதம் 72 ஜிபி. மாதத்துக்கு முதல் 100 ஜிபி இலவசம் என்பதால் கட்டணம் சுழியம். மேகவாணி சொன்ன அந்த ஒற்றை லாம்டாதான் 590 டாலரைக் காப்பாற்றுகிறது. கூடவே எஸ்3-க்கு முன்னால், படங்களைப் பயனருக்குக் கிட்டத்திலிருந்து கொடுக்கும் அமேசானின் கிளவுட்ஃபிரன்ட் வையுங்கள். எஸ்3-இலிருந்து கிளவுட்ஃபிரன்டுக்குப் போகக் கட்டணமில்லை, அங்கிருந்து மாதம் 1 டிபி வரை இலவசம். சூப்பர்வைசரின் டேட்டா பேக்கும் மிச்சமாகும், அவர்களுக்கு அதுதான் பெரிய விஷயம்.

அடுத்தது நாட் கேட்வே, வெளியே தெரியாத இயந்திரங்கள் இணையத்துக்குப் போகும் வாசல். பாடத்தொடர்களில் வரும் வலைப்பின்னல் படத்தை அப்படியே காப்பி அடித்தால் இது ஒன்றோ இரண்டோ உள்ளே உட்கார்ந்திருக்கும். ஒன்று சும்மா இருந்தாலே மாதம் 30 டாலருக்கு மேல், அதன் வழியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனியாக. உங்கள் அமைப்புக்கு அது தேவையே இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரி (இணையத்தில் இயந்திரத்தின் எண்) ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட், மாதம் 3.65 டாலர். சோதனைக்கு எழுப்பிவிட்டு மறந்த இயந்திரங்களைத் தேடி அழியுங்கள். இயந்திரத்தை நிறுத்தினாலும் அதன் வட்டுக்குக் காசு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பட்ஜெட் எச்சரிக்கை போடுங்கள். ஆனால் அது எச்சரிக்கை மட்டும்தான். எல்லை தாண்டினால் தானாக எல்லாமே நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போகாதீர்கள். கூகுளிலும் அப்படித்தான். 25, 50, 100 டாலர் என்று மூன்று படியாகப் போட்டு இருவருக்குமே மின்னஞ்சல் வரும்படி வையுங்கள்.

கிரெடிட் பற்றி. வாங்குங்கள், தப்பே இல்லை. மைக்ரோசாஃப்ட் 2008-இல் புது நிறுவனங்களுக்கான பிஸ்ஸ்பார்க் திட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, 2013-இல் அமேசான் ஆக்டிவேட் வந்தது வரை, எல்லாருமே இதை ஒரே காரணத்துக்காகத்தான் செய்கிறார்கள்: வளர்ந்த பிறகு நீங்கள் வாடிக்கையாளராகவே இருப்பீர்கள். முதலீட்டாளரோ இன்குபேட்டரோ வழியாக வந்தால் ஏடபிள்யூஎஸ்ஸில் 1 லட்சம் டாலர் வரைகூடக் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. எனவே கிரெடிட் இல்லாத பில்லை மாதாமாதம் பாருங்கள். பில் பக்கத்தில் கிரெடிட் கழிப்பதற்கு முந்தைய தொகை தெரியும். அதை யூனிட் எண்ணிக்கையால் வகுத்து ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். யூனிட் ஒன்றுக்கு ஆகும் கிளவுட் செலவு, அந்த யூனிட் கட்டும் சந்தாவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் உட்கார்ந்து யோசிக்கும் நேரம். மேகவாணி சொன்ன மூன்று பொருளும் என் கணிப்பில் மாதம் 50 டாலரை ஒட்டி அடங்கும்.

18 சதவீத ஜிஎஸ்டி இதற்கு மேல். பதிவு செய்திருந்தால் ஜிஎஸ்டி எண்ணைக் கணக்கில் முதல் நாளே ஏற்றுங்கள், இல்லாவிட்டால் உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்காது. கார்டு மூலம் தானாகக் கழியும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும். பணம் கட்டாமல் கணக்கு முடங்கிப்போனதை ஒரு வாடிக்கையாளரிடம் பார்த்திருக்கிறேன். பில் தேதியை நாள்காட்டியில் போட்டு வையுங்கள்.

பனையோலை (யாழ்ப்பாணம்)

வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்தில மீன் ஏலத்துக்கு ஒரு செயலி செய்யிறம். மேகவாணி அக்கா, எங்களுக்கு எந்த ரீஜன் (சர்வர் இருக்கிற இடம்) நல்லது? சிலர் சிங்கப்பூர் எண்டு சொல்லுகினம், சிலர் மும்பாய் எண்டு சொல்லுகினம். எங்கட நாட்டில 2022-ஆம் ஆண்டு 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கு.

மேகவாணி (சென்னை)

பனையோலை, வரைபடத்தில் தூரத்தை அளக்காதீர்கள். உங்கள் இணைப்பு எந்தக் கடலடிக் கேபிள் வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து சிங்கப்பூரே வேகமாக இருக்கலாம். இரண்டு இடத்திலும் ஒரு சின்ன இயந்திரத்தை ஒரு மணி நேரம் எழுப்பி, ஏலம் நடக்கும் கரையிலிருந்தே, அங்கே எல்லாரும் வைத்திருக்கும் சிம்மில், தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை பிங் எடுத்துப் பாருங்கள். சில சென்ட் செலவில் சந்தேகம் தீரும். தரவு நாட்டுக்கு வெளியே போவது பற்றி உங்கள் சட்டம் கேட்பதை அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திருப்பூர்த் தம்பிக்கு: ஏடபிள்யூஎஸ் மும்பை 2016-இலிருந்தே இருக்கிறது, ஹைதராபாத் 2022-இல் வந்தது. மும்பையையே எடுத்துக்கொள்ளுங்கள், சேவைகள் எல்லாம் நிறைவாக இருக்கும். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அசூரில் சென்னை ரீஜன் 2015-இலிருந்து உண்டு. கிட்டத்தில் இருக்கிறதே என்று ஆசைப்படுவதற்கு முன்னால், உங்களுக்கு வேண்டிய சேவை அங்கே இருக்கிறதா என்று பட்டியலைப் பாருங்கள். அசூரில் புதியவை பெரும்பாலும் பூனா மையத்துக்குத்தான் முதலில் வருகின்றன.

பனையோலை (யாழ்ப்பாணம்)

நன்றி அக்கா. கரையில நிண்டே சோதிச்சுப் பாக்கிறம்.

வாசல்காவல் (சென்னை)

பாதுகாப்புப் பக்கம் யாரும் வரவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். கணக்கைத் திறக்கும்போதே கம்பெனி மின்னஞ்சலில் திறங்கள். நண்பரின் சொந்த ஜிமெயிலில் வேண்டாம். இருவரில் ஒருவர் விலகினால் மொத்தத் தொழிலும் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்கு இரண்டாம் கட்ட உறுதிப்பாடு போட்டு ஒதுக்கி வைத்துவிட்டு, அன்றாட வேலைக்கு ஆளுக்கொரு தனிப் பயனர்.

நிரலுக்குள் கிளவுட் கணக்கின் சாவியான ஆக்சஸ் கீ எழுதாதீர்கள். பொதுவில் திறந்த ரெப்போவில் (நிரல் கிடங்கில்) ஒரு கீ விழுந்தால் அதைத் தேடி அலையும் பாட்கள் நிமிடங்களில் எடுத்துவிடும். பிறகு உங்கள் கணக்கில் யாரோ கிரிப்டோ தோண்டிக்கொண்டிருப்பார். இசி2-வுக்கு ஐஏஎம் ரோல் என்ற அனுமதியைக் கொடுத்தால் கீ என்ற பொருளே தேவைப்படாது. எஸ்3 பக்கெட் 2023 ஏப்ரலிலிருந்து இயல்பாகவே பூட்டியபடிதான் உருவாகிறது. படம் தெரியவில்லை என்று யாராவது அந்தப் பூட்டைத் திறக்கச் சொன்னால் கேட்காதீர்கள், கிளவுட்ஃபிரன்ட் வழியாகக் காட்டுங்கள். தரவுத்தளத்தின் 5432 போர்ட்டை (இணைப்பு வாசலை) உங்கள் இசி2 மட்டுமே தட்ட முடியணும், இணையம் முழுக்கத் தட்டக் கூடாது.

சட்டமும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கொடுத்த உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்கணும், ஊடுருவல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும். தைப்பவர்களின் பெயர், போன் எண், கூலி எல்லாம் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். போதிய பாதுகாப்பு வைக்கவில்லை என்றால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. சின்ன நிறுவனத்துக்கு அந்த உச்சத்தைப் போடுவார்களா என்பது இருக்கட்டும். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் போன் எண் வெளியே போகக் கூடாது என்பதற்குச் சட்டம் வந்து சொல்லவா வேண்டும்? ஆதார் நகல் மாதிரி தேவையில்லாததை வாங்கியே வைக்காதீர்கள்.

பாவுநூல் (திருப்பூர்)

நான் இதே ஊரில் பல வருடமாக கார்மென்ட் மென்பொருள் வேலை பார்க்கிறேன். கிளவுட் நிபுணர்கள் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயம். இரண்டும் நேராகக் கூலியில் கை வைக்கும்.

முதலாவது இரட்டைப் பதிவு. தகரக் கூரை யூனிட்டுக்குள் சிக்னல் வரும் போகும். சூப்பர்வைசர் “120 பீஸ்” என்று அழுத்துவார், பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடும், பதில் மட்டும் திரும்பி வராது. செயலி தானாக மறுபடி அனுப்பும், இல்லாவிட்டால் அவரே மறுபடி அழுத்துவார். 240 ஆகிவிடும். அடுத்த வாரம் அதைக் கழிக்கப் போனால் “என் பீஸை வெட்டிட்டாங்க” என்று சண்டை வரும், அந்த யூனிட்டில் உங்கள் செயலியை அப்புறம் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். தீர்வு எளிதுங்க: பதிவை போனில் உருவாக்கும்போதே வேறெந்தப் பதிவுக்கும் வராத ஒரு யூயூஐடி எண் கொடுத்துவிடுங்கள். தரவுத்தளத்தில் அந்தப் பத்திக்கு யுனிக் கட்டுப்பாடு போடுங்கள். அதே எண் எத்தனை முறை வந்தாலும் ஒரே பதிவு. அனுப்ப வேண்டியதை போனுக்குள்ளேயே வரிசையாகச் சேமித்து, சர்வர் “வந்துவிட்டது” என்று சொன்ன பிறகுதான் அழிக்கணும். கிளவுட் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் யூனிட்டுக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் டவர் அப்படி இருக்காது.

இரண்டாவது நேரம். கிளவுட் இயந்திரங்கள் வழக்கமாக உலகப் பொது நேரமான யூடிசி-யில் ஓடும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இங்கே ஷிப்மென்ட் அவசரம் என்றால் ராத்திரியும் தைப்பார்கள். சர்வரின் தேதியை வைத்துக் கூட்டினால் விடியற்காலை 5.30-க்கு முன் போட்ட பதிவெல்லாம் முந்தின நாளில் போய் உட்காரும். வாரக் கணக்கை முடிக்கும் ராத்திரியில் அது ஒரு வாரத்துக் கூலியை இன்னொரு வாரத்துக்குத் தள்ளிவிடும். நேரத்தை யூடிசி-யிலேயே சேமியுங்கள், கூட்டும்போது இந்திய நேரத்துக்கு மாற்றிக் கூட்டுங்கள். “எந்த ஷிப்ட்” என்பதைத் தனிப் பத்தியாக சூப்பர்வைசரிடமே வாங்கிவிடுங்கள். ஷிப்ட் எப்போது முடிந்தது என்பது கடிகாரத்தைவிட அவருக்குத்தான் தெரியும்.

மேகவாணி (சென்னை)

பாவுநூல் சொன்ன முதலாவதை முதல் வெளியீட்டிலேயே போடுங்கள். பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றிங்க. நண்பனை உட்காரவைத்து முழு இழையையும் படிக்கவைத்தேன். 3.6 விநாடிக் கணக்கைப் பார்த்ததும் வரைபடத்தை அவனே திருத்திவிட்டான். மும்பையில் ஒரு இசி2, ஆர்டிஎஸ் போஸ்ட்கிரெஸ், எஸ்3-யோடு கிளவுட்ஃபிரன்ட், படம் சுருக்க ஒரு லாம்டா. கிரெடிட்டை வாங்கிக்கொள்கிறோம், அதற்காக எதையும் கூட்டிக் கட்டப்போவதில்லை. தறிக்குழி அண்ணா சொன்னதை மனதில் வைத்து, செயலியை டாக்கர் கன்டெய்னராக வைக்கிறோம். நாளைக்கு பெங்களூர் இயந்திரத்துக்கோ சொந்த சர்வருக்கோ போகணும் என்றால் கன்டெய்னரையும் போஸ்ட்கிரெஸ் தரவின் நகலான டம்ப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

யூயூஐடி இல்லாமல் அடுத்த யூனிட்டுக்குக் கொடுக்கப்போவதில்லை. நான் பேசிப் பார்த்த யூனிட்டுகளில் சூப்பர்வைசர்கள் முதலில் கேட்டதே “ரெண்டு தடவை ஏறிடாதே?” என்றுதான்.

ஒரே ஒரு சந்தேகம் மேகவாணி அக்கா. ஆர்டிஎஸ் பேக்கப் எடுக்கிறது சரி, அதிலிருந்து மீட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். மீட்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் தரவின் மேலேயே ஏறி எழுதிவிடுமா?

மேகவாணி (சென்னை)

ஏறாது தம்பி. ஆர்டிஎஸ் மீட்பு எப்போதும் புதிய இன்ஸ்டன்ஸாகத்தான் (தனித் தரவுத்தள இயந்திரமாக) எழும், முகவரியும் புதிது. பழையது தொடாமல் ஓடிக்கொண்டிருக்கும். பேக்கப் வைக்கும் காலத்தை 35 நாள் வரை நீட்டலாம், நீங்கள் குறைந்தது 14 நாள் வையுங்கள். அந்தக் காலத்துக்குள் எந்த நிமிடத்துக்கு வேண்டுமானாலும் திரும்பலாம், பொதுவாகக் கடைசி ஐந்து நிமிடம்வரை.

சனிக்கிழமை கூலி முடித்த நேரத்தைக் குறித்துவைத்து, ஞாயிறன்று அந்த நிமிடத்துக்கு மீட்டுங்கள். புதியது எழுந்ததும், யார் இணையலாம் என்ற விதியான செக்யூரிட்டி குரூப்பைப் பாருங்கள், பழையதில் போட்டது தானாக வந்திருக்காது. இணைப்பு கிடைக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் அங்கேதான். பிறகு ஒவ்வொரு யூனிட்டின் வாரக் கூலித் தொகையையும் அவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிய சம்பளத் தாளோடு ஒப்பிடுங்கள். தொடங்கியதிலிருந்து செயலி புதிய தரவுத்தளத்தோடு பேசும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள், யூனிட்காரர் கேட்டால் சொல்ல ஒரு நேர்மையான எண் கையில் இருக்கும்.

முடிந்ததும் புதிய இன்ஸ்டன்ஸை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கேடு வந்து திட்டுவார். அழிக்கும் முன் உண்மையான தரவுத்தளத்துக்கு, தவறி அழிப்பதைத் தடுக்கும் டெலீஷன் ப்ரொடெக்‌ஷன் போட்டிருக்கிறதா என்று இருவரும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.